அடைக்கலம் தரும் கொல்லை

(தமிழ்மன்றமொன்றின் திங்கட்கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற பொழிவு)



நெல்லை வட்டாரத்தில் சிட்டுக்குருவிக்கு அடைக்கலாங்குருவி என்று பெயர். அடைக்கலக்குருவி என்பது அதன் எழுத்து வழக்கு. பறவைக்குப் பெயரிடுவோர் அதன் நிறம் பார்த்து இடலாம். குரல் கேட்டு இடலாம். இரை நோக்கி இடலாம். செம்போத்தும் கரிச்சானும் நிறத்தாற் பெயர் பெற்றன. காக்கையும் கூகையும் குரலாற் பெயர் பெற்றன. மீன்கொத்தி இரையாற் பெயர் பெற்றது. இக் குருவிக்கோ அதன் நிறத்தையும் குரலையும் விட்டுவிட்டு, மாந்தனோடு அதற்குள்ள உறவைப் பார்த்துப் பெயரிட்டிருக்கின்றனர். வீட்டுக்குள் வந்து சேர்ந்தது, வந்ததை விரட்டவில்லை, அவ்வளவுதான் அப்பெயரின் வரலாறு. கூட்டைக் கலைப்பது குடிக்கு ஆகாது என்று பாட்டிமார் சொன்னதும் அவ்வுறவைக் காத்தற்கேயாம்.

அடை என்னும் சொல்லைச் சற்றே எண்ணிப் பார்த்தல் வேண்டும். சென்று சேர்தல் அடைதல். சேர்ந்தாரைக் காத்தல் அடைக்கலம். முட்டைமேல் அமர்ந்து சூடு தருதல் அடைகாத்தல். கதவைச் சாத்துதலும் பொந்தைப் பூசி மூடுதலும் அடைத்தல். இவற்றுள் முன்னவையெல்லாம் மறந்து, இறுதியில் நின்ற அடைத்தல் ஒன்றையே கற்றுக்கொண்டது இற்றை நாள் வீடு.

பழைய வீடு எவ்வாறிருந்தது? நாட்டோடு வேய்ந்த கூரை. அதன் கீழ் கைமரம். கைமரத்துக்கும் சுவருக்கும் நடுவே ஒரு சாண் இடுக்கு. அவ்விடுக்கு குருவிக்கென்று விடப்பட்டதன்று. தச்சன் அப்படித்தான் கட்டுவான். சுவரில் மாட்டிய படங்கள் சற்றே முன்சாய்ந்து நிற்க, அவற்றின் பின்னே வைக்கோல் துரும்பு சேரும். முற்றத்தில் நெல் காயும். முறத்தாற் புடைக்கும்போது நொய்யும் பதரும் சிந்தும். பின்னே கொல்லை, கிணற்றடி, ஏனம் கழுவிய நீர் ஓடி வாழைக்குப் பாயும் வாய்க்கால், அவ்வாழையடி ஈரத்தில் தேரை. எருக்குழியில் புழு, புழுவைக் கிளறத் தவிட்டுக்குருவிக் கூட்டம். வேலியோ கிளுவையும் நொச்சியும் ஆடாதோடையும் பின்னிய உயிர்வேலி. அதனுள்ளே செம்போத்து ஒன்று நத்தையும் கம்பளிப்புழுவும் தேடித் திரியும். ஓணான் தலையாட்டும். உதிர்ந்த சருகில் அரணை சரசரக்கும். இவ்வளவையும் யாரும் வளர்க்கவில்லை. வளர்ந்ததை யாரும் தடுக்கவுமில்லை.

அண்மையில் நகர்ப்பள்ளியொன்றில் ஆறாம் வகுப்பு மாணவர்க்கு அரணையின் படம் காட்டப்பெற்றது. ஒருவன் பல்லி என்றான். ஒருத்தி பாம்புக்குட்டி என்றாள். மற்றொருவன் ஆங்கிலப் பெயரொன்றைச் சொன்னான், அதுவும் பிழை. அரணை என்று சொல்ல அவ்வகுப்பில் ஒருவருமில்லை. பிள்ளைகளை நொந்து பயனென்ன? அகரமுதலியில் அச்சொல் இருக்கின்றது. அவர்கள் கொல்லையில் அவ்வுயிர் இல்லை. பலருக்குக் கொல்லையே இல்லை. ஒரு சொல்லைப் பிறமொழிச் சொல் வந்து தள்ளுவது ஒருவகை இழப்பு. சொல்லுக்குரிய பொருளே கண்ணினின்று மறைந்து போவது இன்னொரு வகை. முன்னதைப் பற்றி நம் மேடைகளில் நிறையப் பேசியாயிற்று. பின்னதைப் பற்றிப் பேசுவார் அரியர். (அரணை நக்கினாற் சாவு என்று ஊரில் ஒரு பேச்சுண்டு. அரணைக்கு நஞ்சே கிடையாது. இத்தகைய பேச்சால் அடிபட்டுச் செத்த அரணைகளுக்குக் கணக்கில்லை.)

குருவி ஏன் குறைந்தது என்று கேட்டால், அலைபேசிக் கோபுரம் என்று உடனே விடை வருகின்றது. அவ்விடை எளிது, பழியைக் கோபுரத்தின்மேற் போட்டுவிட்டுக் கையைத் துடைத்துக்கொள்ளலாம். ஆயின் அஃது ஐயந்திரிபற மெய்ப்பிக்கப்பட்ட ஒன்றன்று. பிரித்தானிய நாட்டில் 1970களின் பிற்பகுதியிலேயே இக் குருவி குறையத் தொடங்கிவிட்டது. அலைபேசி அங்கே மக்களிடைப் பரவியது 1990களில்தான். இந்தியப் பறவைகளின் நிலை பற்றி 2020இல் வெளிவந்த அறிக்கையும், நாடு முழுமைக்கும் பார்க்கின் குருவியின் தொகை பெரிதும் நிலையாகவே உள்ளதென்றும், சென்னை, பெங்களூர் முதலிய பெருநகர்களிலேதான் அது குறைந்துள்ளதென்றும் கூறிற்று. ஆகவே கரணியத்தை வானத்தில் தேடவேண்டா, வீட்டிலேயே தேடலாம். கற்காரைக் கூரையில் இடுக்கில்லை. அரிசி பையில் வருகின்றது. முற்றத்தில் நொய் சிந்துவதில்லை. இவற்றினும் பெரிய கரணியம் ஒன்றுண்டு. தாய்க்குருவி கூலம் தின்னும். ஆயின் முட்டையை விட்டு வெளிவந்த குஞ்சுக்கு அது கூலம் ஊட்டாது. மென்மையான புழுவையும் பூச்சியையுமே முதல் நாள்களில் ஊட்டும். நஞ்சு தெளித்துப் பூச்சியே இல்லாமற் செய்த தோட்டத்தில், கூடு இருந்தும் குஞ்சு பிழைக்காது. ஒரு பக்கம் அரிசியை இறைத்துவிட்டு மறுபக்கம் நஞ்சைத் தெளிப்பார் செய்வது விருந்தோம்பலாகுமா?

இது நகரத்தார் பொழுதுபோக்கு என்று எண்ணுவார்க்குக் கூந்தன்குளத்தைக் காட்டுதல் வேண்டும். நெல்லை மாவட்டத்து நாங்குநேரி வட்டத்தில் அமைந்த சிற்றூர் அது. ஊரை ஒட்டிக் குளம். குளத்துக்கு நீர் வந்தால் பறவை வரும். வரித்தலை வாத்துகள் இமயத்துக்கு அப்பாலிருந்து பனிமலையைத் தாண்டி வந்து இறங்கும். பூநாரைகள் வரும். அவை வந்து மீள்வன. மஞ்சள்மூக்கு நாரையோ குடும்பம் நடத்த வருவது. அது கூடு கட்டுமிடம் குளத்து மரங்களோடு நில்லாமல், ஊருக்குள் வீடுகளையொட்டி நிற்கும் வேம்பிலும் புளியிலும் கருவேலத்திலுமாகப் பரந்துவிடும். ஒரு மரத்திற் பல கூடு. அதன் கீழேதான் மக்கள் ஆடு கட்டுகின்றனர். கட்டில் போட்டுப் படுக்கின்றனர்.

அப்படி இருப்பது எளிதன்று. இதனை மறைத்துப் பேசுதல் பொய்யாகும். நாரைக் குஞ்சின் இரைச்சல் இரவிலும் ஓயாது. எச்சம் கூரைமேலும் வாயிலிலும் வெள்ளையடித்தாற்போல் விழும். கூட்டிலிருந்து நழுவிய மீன் கீழே கிடந்து நாறும். அவ்வளவையும் பொறுத்துக்கொண்டு, மரத்தை வெட்டாமல், கல்லெறியாமல், பறவை மிரளுமென்று வெடி வெடியாமல் இருந்து வருகின்றனர் அவ்வூரார். கூட்டிலிருந்து விழுந்த குஞ்சை எடுத்து மீனூட்டிக் காப்பாற்றுவதும் உண்டு. பறவை வருவதை நல்வருகையாகக் கருதுவது அவர்தம் வழக்கம். அதில் பயனும் இல்லாமலில்லை. எச்சம் கலந்த குளத்து வண்டல் வயலுக்கு நல்ல உரம். அரசு அவ்விடத்தைப் பறவைப் புகலிடமாக அறிவித்தது 1994இல். உலக ஈரநிலங்களுக்குரிய இராம்சர் பட்டியலில் அதன் பெயர் சேர்ந்தது 2022இல். அரசாணை வருமுன்பே அவ்வூர்க் கொல்லைகள் பறவைக்கு அடைக்கலம் தந்திருந்தன. ஆணை பின்னால் வந்தது.

சிவகங்கை மாவட்டத்து வேட்டங்குடிக் கண்மாய்களை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டியும் அத்தகையதே. 1977இல் புகலிடமான அவ்விடத்தைச் சூழ்ந்துள்ளோர், தீபாவளி நாளிலும் பறவைக்காக வெடியைத் துறந்திருக்கின்றனர். பிள்ளைகள் வெடிக்கு அழமாட்டார்களா? அழுவார்கள். ஊரே துறந்திருக்கும்போது அழுகை ஒரு நாளில் அடங்கிவிடும்.

நம் வீடுகளில் நாரை வந்து குடியேறப் போவதில்லை. நமக்கு வாய்ப்பது சிறியது. அச் சிறியதைச் செய்வதற்கும் முறையுண்டு. முதலில் நீர். அகன்ற மண்சட்டி, இரண்டு விரல் ஆழத்துக்கு மேற்படாத நீர், நடுவே கால் ஊன்ற ஒரு கல். பூனை பதுங்குவதற்கு வாய்ப்பில்லாத திறந்த இடத்தில் வைத்தல் வேண்டும். நாள்தோறும் நீரை மாற்றிச் சட்டியைத் தேய்த்துக் கழுவாவிட்டால் கொசு பெருகும். குருவிக்கு வைத்தது கொசுவுக்காகும். கொல்லையில் திறந்து கிடக்கும் நீர்த்தொட்டியினுள் ஒரு சொரசொரப்பான கழியைச் சாய்த்து வைத்தால், தவறி விழுந்த அணில் ஏறிப் பிழைக்கும். வழவழப்பான தொட்டியில் நீந்தி நீந்திக் களைத்துச் செத்த அணிலை வைகறையிற் கண்டெடுத்தவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை.

கூட்டுப்பெட்டி வைப்பார் துளையைப் பெரிதாக்கிவிடுகின்றனர். குருவிக்கு 3.2 செ.மீ. குறுக்களவுள்ள துளை போதும். பெரிய துளையில் மைனா புகுந்து குருவியைத் துரத்தும். நண்பகல் வெயில் படாத சுவரில், ஆள் உயரத்துக்கு மேலே, பெட்டியை மாட்டுதல் நன்று. அடைகாப்புக்குப் பன்னிரண்டு நாள் அளவு. குஞ்சு பறக்கப் பதினைந்து நாள் அளவு. ஆக ஒரு திங்களுக்குள் முடிகின்ற குடித்தனம் அது. வீட்டுக்குள்ளேயே கூடு கட்டிவிட்டதாயின் அத்துணை நாளும் அவ்வறை மின்விசிறியை நிறுத்திவைத்தல் வேண்டும். வெக்கையிற் கடினந்தான். ஆனால் சுழலும் விசிறியில் அடிபட்ட தாய்க்குருவியின் பின்னே கூட்டில் வாய் திறந்து கிடக்கும் குஞ்சுகளை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

அடுத்தது கூட்டாத மூலை. இதனை இல்லத்தரசியார் எளிதில் ஒப்புக்கொள்வதில்லை. சருகு கிடந்தால் குப்பை என்பார். குப்பை இருந்தால் பாம்பு வரும் என்பார். அவர் அச்சம் வெற்றச்சமன்று. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கும் நம் ஊர்ப்புறங்களில் உள்ளனவே. ஆதலின் சருகும் சுள்ளியும் குவிக்கும் மூலை வீட்டுச் சுவரை ஒட்டியிருத்தல் ஆகாது. கொல்லையின் கடைக்கோடியில், பிள்ளைகள் விளையாடாத இடத்தில் இருத்தல் வேண்டும். இரவில் கைவிளக்கின்றிக் கொல்லைக்குச் செல்லலாகாது. கடி நேர்ந்தால் வேரும் பச்சிலையும் மந்திரமும் வேண்டா, நேரே மருத்துவமனை. நஞ்சுமுறி மருந்து அங்கேதான் உண்டு. அதே நேரத்தில், எலியைத் தின்று நம் நெல்லைக் காக்கும் சாரைப்பாம்புக்கு நஞ்சில்லை என்பதையும் அறிந்து வைத்தல் வேண்டும். எலிக்கு நஞ்சு வைப்பாரும் எண்ணவேண்டியது ஒன்றுண்டு. நஞ்சுண்ட எலியை ஆந்தை தின்றால் ஆந்தையும் சாகும். எலி பிடிக்க ஆளில்லாமற் போகும். அடுத்த ஆண்டு இன்னும் மிகுதியாக நஞ்சு வாங்கவேண்டி வரும்.

அன்பின் மிகுதியால் செய்யும் தவறும் உண்டு. கிளியைப் பிடித்துக் கூட்டில் வைத்துப் பழமூட்டுவார், அதனை அடைக்கலம் என்றே நம்புகின்றனர். அது அடைத்தல். 1972ஆம் ஆண்டின் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி நம் நாட்டுக் கிளியைக் கூட்டில் வைத்து வளர்ப்பது குற்றமுமாகும். தரையிற் கிடக்கும் பறக்கப் பழகும் குஞ்சை ‘காப்பாற்றி’ வீட்டுக்குள் கொண்டுவருவதும் பெரும்பாலும் வேண்டாத வேலையே. தாய் அருகிலேயே இருக்கும். பூனையை அப்பால் ஓட்டிவிட்டு நாம் விலகி நின்றாற் போதும்.

அடுக்குமாடியில் வாழ்வார், தமக்கு ஏது கொல்லை என்று கேட்பர். முற்றமும் இல்லை, மண்ணும் இல்லை என்பது மெய்யே. ஒரு தொட்டிச் செடிக்கு இடமிருக்குமன்றோ? அதிற் கறிவேப்பிலை வைக்கட்டும். சில நாளில் இலையோரம் அரிபட்டிருக்கும். உற்றுப் பார்த்தால் பறவை எச்சம்போல் ஒன்று இலைமேல் ஒட்டிக் கிடக்கும். அதனைச் சுரண்டி எறியாமல் விட்டால் அஃது அசையும், தின்னும், வளரும், பச்சை நிறமாகும். சில இலை குழம்புக்குக் குறையும், குறையட்டும். பின்னர் அது தண்டில் தன்னை ஒரு நூலாற் கட்டிக்கொண்டு கூட்டுப்புழுவாய் உறங்கும். ஒரு காலையில் கூட்டின் தோல் வெடித்துக் கருநிற வண்ணத்துப்பூச்சி ஒன்று கசங்கிய சிறகோடு வெளிப்பட்டு, சிறகு விரியும் வரைக்கும் தொங்கிக்கொண்டிருக்கும். வீட்டுப் பிள்ளை அதன் பெயரென்ன என்று கேட்கும். அதற்கு ஆங்கிலப் பெயர் தேடி அலையவேண்டா. வண்ணத்துப்பூச்சிகளுக்குத் தமிழிற் பெயரிட்டோர் எருக்கிலை தின்று வளர்வதை வெந்தய வரியன் என்றனர். 2019இல் தமிழ்நாட்டின் வண்ணத்துப்பூச்சியாக அறிவிக்கப்பெற்றதற்குப் பெயர் தமிழ் மறவன். அவன் மலைக்காட்டான், தொட்டிச் செடிக்கு வாரான். வந்தவளின் பெயர் கறிவேப்பிலை அழகி.