மண் ஊதலுக்கு ஓர் அச்சு

(முன்னாள் மாணவர் கூடுகையில் ஆற்றிய உரை)

 

இன்ஜினியர் பேச வந்தால் பாலம், பாய்லர் என்று ஆரம்பிப்பான் என்று நினைத்திருப்பீர்கள். நான் பேசப்போவது உள்ளங்கையில் அடங்கும் மண் ஊதலைப் பற்றி.

ஹரப்பா, மொகஞ்சதாரோ அகழாய்வுகளிலேயே பறவை வடிவ மண் ஊதல்கள் கிடைத்திருக்கின்றன. இத்தாலியின் புத்ரியோ ஊரில் ஜியுசெப்பே டொனாட்டி 1853-இல் சுர வரிசை வாசிக்கக்கூடிய மண் ஊதலை உருவாக்கினார். அதுதான் ஒக்கரினா. சின்ன வாத்து என்று அர்த்தம்.

மணவூரில் எனக்குத் தெரிந்த குயவர் ஒருவர் இருக்கிறார். மகன் கம்பெனி வேலைக்குப் போய்விட்டான். சக்கரம் சுற்ற அவர் ஒருவர்தான். பானை விற்பனையும் குறைந்துவிட்டது. திருத்தணி ஆடிக் கிருத்திகைக் கூட்டத்தில் ஒக்கரினா விற்றால் என்ன என்று யோசித்தோம். அச்சு இருந்தால் வீட்டில் மற்றவர்களும் கை கொடுக்கலாம்.

ஜிப்சத்தைச் சுமார் 150 டிகிரியில் வறுத்தால் அதிலுள்ள நீரில் முக்கால் பங்கு போய்விடும். அந்த மாவுதான் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ். தண்ணீர் சேர்த்தால் திரும்பவும் கல்லாகிவிடும். 70 பங்கு தண்ணீரில் 100 பங்கு மாவைத் தூவிக் கலக்கினோம். மாதிரியைப் பாதிவரை களிமண்ணில் புதைத்து, சோப்புக் கரைசல் தடவி, மேல் பாதிக்கு ஊற்றினோம். அது இறுகியதும் திருப்பிப் போட்டு மறு பாதி. காய்ந்த அச்சில் மண்ணை அழுத்தினால், பிளாஸ்டர் ஈரத்தை உறிஞ்ச, மண் தானாக விட்டுக்கொடுக்கும். இரண்டு பாதியையும் மண் கூழால் ஒட்ட வேண்டியதுதான்.

மாதிரி செய்யும் முன்பே பெரியவர் கேட்டார்: "சுட்டா சுருங்குமே தம்பி, சத்தம் மாறாதா?"

சரியான கேள்வி! புல்லாங்குழலில் காற்றுத் தூணின் நீளம் சுரத்தைத் தீர்மானிக்கும். ஒக்கரினாவில் உள்ளே இருக்கும் காற்றின் கொள்ளளவும் திறந்த துளைகளின் பரப்பும்தான் முக்கியம். அவருடைய மண்ணில் ஒரு ஓடு செய்து 10 செ.மீ. கோடு கீறிச் சுட்டோம். 9 செ.மீ. ஆகியிருந்தது. எல்லா அளவும் அப்படிச் சுருங்கினால் ஒலி 10/9 மடங்கு உயரும். அதாவது ஸட்ஜமம் கிட்டத்தட்ட சதுச்ருதி ரிஷபமாகிவிடும்! ஆகவே மாதிரியை அந்த விகிதத்தில் பெரிதாகச் செய்தோம்.

உடம்பு அச்சில் வந்துவிடுகிறது. குரல் வரவில்லை. காற்று போகும் சந்தையும், அது மோதும் கூர்மையான விளிம்பையும், மண் பாதி காய்ந்த பதத்தில் மூங்கில் சீவலால் கையால்தான் வெட்ட வேண்டும். சந்து கொஞ்சம் விலகினாலும் வெறும் காற்றுச் சத்தம்தான். இதைப் பெரியவர் செய்கிறார், மருமகள் பழகிவருகிறார்.

மெக்கானிக்கல் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அந்தச் சந்தையும் விளிம்பையும் ஒரே அளவில் வெட்டித்தரும் சின்னக் கருவி ஒன்றை உங்கள் புராஜெக்டாக எடுத்துச் செய்யுங்கள். அச்சு இரண்டு ஜோடி தயாராக இருக்கிறது. சென்னையிலிருந்து அரக்கோணம் மின்ரயிலில் ஏறினால் மணவூரிலேயே இறங்கலாம். நான் கூட்டிப் போகிறேன்.