பேரு ஒண்ணு, கருவி வேற

காரமடையில இருந்து இன்னொரு எபிசோடு. இன்னைக்குப் பேச்சு டெர்மினல் பத்தி.

2011-ல தொடங்கின தமிழ்நாடு அரசு இலவச லேப்டாப் ஞாபகம் இருக்குதுங்களா? ஆன் பண்ணினா விண்டோஸா, பாஸ் லினக்ஸான்னு கேட்கும். பாஸ்ங்கிறது டெபியனை அடிப்படையா வெச்சு சென்னை சி-டாக் உருவாக்கினது. நிறைய பேரு அந்தப் பக்கமே எட்டிப் பார்க்கல. எட்டிப் பார்த்தவங்க எல்எஸ், கிரெப், செட் எல்லாம் அதுலதான் கத்துக்கிட்டாங்க. அப்புறம் சரவணம்பட்டியில வேலை கிடைக்குது, ஆபீஸ்ல விண்டோஸ் மெஷினைக் கையில கொடுக்கறாங்க. கத்துக்கிட்டது எல்லாம் வீணான்னு ஒரு பயம் வரும்.

வீண் இல்லைங்க. ஆனா பேரை மட்டும் நம்பிடாதீங்க.

விண்டோஸ்லயும் ‘ஃபைண்ட்’னு ஒரு கமாண்டு இருக்குது. லினக்ஸ்ல அது ஃபைலைத் தேடும். இங்க ஃபைலுக்குள்ள இருக்கிற வார்த்தையைத் தேடும், கிட்டத்தட்ட கிரெப் வேலை. யாழ்ப்பாணத்துல ‘அம்மா பேசினா’ன்னா திட்டினான்னு அர்த்தம். அதே மாதிரிதான் இதுவும். பவர்ஷெல்ல எல்எஸ் வேலை செய்யும், ஆனா அது உண்மையான எல்எஸ் இல்ல, இன்னொரு கமாண்டுக்கு வெச்ச செல்லப்பேரு. கூடவே ‘ஹைஃபன் எல்ஏ’ போட்டுப் பாருங்க, சிவப்புல திட்டும்.

திட்டினா பரவால்ல, தப்புன்னு தெரிஞ்சுரும். சத்தமே இல்லாம தப்பாப் போறதுதான் ஆபத்து. தமிழ்ல வேலை செய்யறவங்க இதைக் கொஞ்சம் கவனமாக் கேளுங்க.

ஒரு ஃபோல்டர்ல காரமடை, சிறுமுகை, மேட்டுப்பாளையம்னு தமிழ்ப் பேர்லயே ஃபைல்கள் இருக்குன்னு வெச்சுக்கலாம். விண்டோஸ் கூடவே வர்ற 5.1 பவர்ஷெல்ல எல்எஸ் அடிச்சு, அம்புக்குறி போட்டு ஒரு லிஸ்ட் ஃபைலுக்கு அனுப்பறீங்க. நோட்பேடுல திறந்தா எல்லாப் பேரும் அழகாத் தெரியுது. கிட் பேஷ்ல போய் ‘காரமடை’ன்னு கிரெப் பண்ணினா ஒண்ணுமே வராது. பிழைச் செய்தி கூட இல்ல. ஊரே இல்லைன்னு நினைச்சுக்குவீங்க.

காரணம் என்னன்னா, ‘காரமடை’ நம்ம கண்ணுக்கு நாலு எழுத்து. யுனிகோடுல கால், கொம்பு தனியா எண்ணி 6 குறியீடு. யுடிஎஃப்-8ல அது 18 பைட். அந்தப் பழைய பவர்ஷெல் அம்புக்குறி எழுதற யுடிஎஃப்-16ல 12 பைட். கிரெப் தேடறது 18 பைட் வரிசையை, ஃபைல்ல கிடக்கறது 12 பைட் வரிசை. எப்படிப் பொருந்தும்? ஐகான்வ் கமாண்டுல ‘யுடிஎஃப்-16ல இருந்து யுடிஎஃப்-8க்கு’ன்னு மாத்திட்டுத் தேடுங்க, கிடைச்சுரும். வரிக் கடைசியில விண்டோஸ் கூடுதலா ஒரு எழுத்து வெக்கும், அதை ‘டாஸ்2யூனிக்ஸ்’ எடுத்துரும். இந்த ரெண்டும் கிட் பேஷ்லயே இருக்குது. பவர்ஷெல் 6-க்கு மேல போனவங்களுக்கு இந்த யுடிஎஃப்-16 தலைவலி இல்ல.

லினக்ஸ் கருவிகளை விண்டோஸுக்குக் கொண்டு வர்ற ஆசை புதுசு இல்லைங்க. சிக்வின் 1995-லயே தொடங்கின வேலை. 2016-ல மைக்ரோசாஃப்டே டபிள்யூஎஸ்எல் கொண்டு வந்துச்சு. என்னைக் கேட்டா அதுதான் முதல் சாய்ஸ். உள்ள ஓடறது உங்க பழைய கிரெப்பேதான், பாஸ்ல பழகின கைக்கு வித்தியாசமே தெரியாது. ஆனா போட அட்மின் உரிமை வேணும், புதுசா சேர்ந்தவங்களுக்கு ஐடி டீம் அதை லேசுல தராது. அவங்க கிட்டோட போர்ட்டபிள் பதிப்பு அனுமதியான்னு கேட்டுட்டு, அதை ஒரு ஃபோல்டர்ல விரிச்சு வெச்சுக்கலாம். இன்ஸ்டால் பண்ணவே வேண்டாம்.

மேக் கொடுத்தாங்கன்னா சந்தோஷப்படறதுக்கு முன்னாடி ஒண்ணு. அதுல இருக்கிற செட், பிஎஸ்டி வழி வந்தது. ‘ஹைஃபன் ஐ’ போட்டா பேக்கப் ஃபைலுக்கு ஒரு பின்னொட்டும் கேட்கும். வேண்டாம்னா காலி மேற்கோள் குறி ரெண்டு போடணும். லினக்ஸ்ல எழுதின ஸ்கிரிப்டு முதல்ல தடுக்கி விழற இடம் பெரும்பாலும் அதுதான்.