ஒருவனை நல்லவனாகக் காட்ட எத்தனை பெண்கள் வதைபட வேண்டும்?



ஹியூஸ் சகோதரர்கள் இயக்கி 2010-இல் வெளிவந்த ‘தி புக் ஆஃப் ஈலை’ படத்தை இப்போது பார்த்து முடித்தோம். அழிந்துபோன உலகின் சாம்பல் படிந்த வானம், சிதைந்த நெடுஞ்சாலை, அதில் தன்னந்தனியாக நடக்கும் ஈலையாக டென்சல் வாஷிங்டன். ஒவ்வொரு சட்டகமும் கண்ணைப் பறிக்கிறது. அதை நான் மறுக்கவில்லை.

ஆனால் அந்தத் தள்ளுவண்டிக் காட்சியை நினைத்துப் பாருங்கள். தள்ளுவண்டியோடு வழியில் வந்த தம்பதியை ஒரு கும்பல் மறிக்கிறது. கணவனைக் கொல்கிறார்கள், மனைவியை வன்புணர்கிறார்கள். ஈலை மறைவில் நின்று, இது உன் வேலை இல்லை, பாதையை விட்டு விலகாதே என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறான். கதறுபவள் அவள், படம் கவலைப்படுவதோ அவன் மனப் போராட்டத்தைப் பற்றி! அவளுக்கு ஒரு பெயர்கூட இல்லை.

அடுத்து சொலாரா. ஈலை வந்து சேரும் ஊரை ஆளும் கார்னகி அவளை ஈலையின் அறைக்கு இரவில் அனுப்புகிறான். ஈலை அவளைத் தொடவில்லை. உடனே நாம் அவனைக் கும்பிட வேண்டுமாம்! தொடாமல் இருப்பது எப்போது வீரமாயிற்று?

உலகம் அழிந்தால் இப்படித்தான் நடக்கும் என்பார்கள். நடக்கும். காட்டாதே என்று நான் சொல்லவில்லை. அவள் பக்கம் நின்று காட்டு என்கிறேன். 2015-இல் ஜார்ஜ் மில்லர் ‘மேட் மேக்ஸ்: ஃப்யூரி ரோடு’ எடுத்தார். அங்கேயும் பாலைவனம்தான், அங்கேயும் பெண்களை அடைத்து வைத்த கொடியவன்தான். ஆனால் அந்தப் பெண்கள் மீதான வன்புணர்வை அவர் திரையில் காட்டவே இல்லை. அவர்கள் தப்பி ஓடுவதுதான் அங்கே கதை.

இந்தப் படத்திலும் ஒருத்தி இருக்கிறாள், தோழர்களே: சொலாராவின் தாய், பார்வையற்ற கிளாடியா. ஈலையிடம் இருக்கும் புத்தகத்தைப் பற்றி மகள் வாய் திறக்க வேண்டும் என்பதற்காக அவளைத்தான் கார்னகி வதைக்கிறான். அவனே கடைசியில், இத்தனை பேரைக் கொன்று கைப்பற்றிய அந்தப் புத்தகத்தோடு அவளிடம் வருகிறான். அது பிரெய்லில் இருக்கிறது. ஊரில் அதைப் படிக்கக்கூடியவள் அவள் ஒருத்திதான். அவள் விரல்கள் பக்கத்தைத் தடவுகின்றன. மறந்துவிட்டது என்கிறாள். அவன் கால் புண் அழுகும் நாற்றம் தெரிகிறது என்பதையும் அவன் முகத்துக்கு நேரே சொல்கிறாள். கத்தி இல்லை, துப்பாக்கி இல்லை. அவன் அங்கேயே முடிந்து போகிறான்.

இப்படி ஒரு காட்சியை எடுக்கத் தெரிந்தவர்களுக்கு அந்தத் தள்ளுவண்டிப் பெண்ணையும் மனுஷியாகக் காட்டத் தெரியாதா? தெரியும். தேவையில்லை என்று விட்டார்கள். என் குற்றச்சாட்டு அதுதான்.