விண்வெளிப் பணிக்காக நாடு கடத்தலும் நம் கடமைகளும்

 

 

சென்ற வாரம் அஸர் தொழுகைக்குப் பின் நம் ஜமாஅத்தைச் சேர்ந்த தகப்பனார் ஒருவர் என்னிடம் வந்தார். பொறியியல் முடித்த அவருடைய மகன் ஜெர்மனி சென்று விண்வெளித் தொழில்நுட்பம் பயின்று அங்கேயே பணி தேட விரும்புகிறானாம். "ஹஜ்ரத், அனுப்பலாமா? மார்க்கத்தில் தடையுண்டா?" என்று கேட்டார்.

இந்த ஆசை நம் பிள்ளைகளுக்கு வருவதில் வியப்பில்லை. அனுப்பம்பட்டில் மொட்டை மாடியில் நின்றாலே, வடக்கே ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து எழும் ராக்கெட்டின் புகைத்தடம் தெரிகிறது. அந்நாளில் பழவேற்காட்டு மீனவர்களும் கரையில் நின்று அண்ணாந்து பார்க்கின்றனர். கடலுக்குச் செல்லத் தடை அல்லவா!

அறிவுக்காகவும் ஹலாலான சம்பாத்தியத்திற்காகவும் பயணம் செய்வதை மார்க்கம் தடுக்கவில்லை. ஆனால் போகுமிடத்தின் நிலையை அறிந்து போக வேண்டும். வளைகுடாப் பயணம் நமக்குப் பழக்கமானது. ஒப்பந்தம் முடிந்தால் அதே பாஸ்போர்ட்டுடன் ஊர் திரும்புகிறோம். விண்வெளித் துறை அப்படிப்பட்டதல்ல. ராக்கெட்டும் ஏவுகணையும் ஒரே வித்தையில் பிறந்தவை; ஆதலால் அரசுகள் அதை அயலாருக்கு எளிதில் திறப்பதில்லை. நாசாவில் அரசு ஊழியராக அமெரிக்கக் குடியுரிமை வேண்டும். அங்குள்ள தனியார் ராக்கெட் நிறுவனங்களும் ஆயுத ஏற்றுமதிச் சட்டத்தின் காரணமாகப் பெரும்பாலும் குடிமக்களையும் நிரந்தரமாக வசிக்கும் உரிமை பெற்றோரையுமே சேர்க்கின்றன. ஐரோப்பிய விண்வெளி முகமையோ பொதுவாகத் தன் உறுப்பு நாட்டவரையே எடுக்கிறது. பட்டம் கையில் கிடைத்த பிறகும் வாசலில் நிற்க நேரலாம். உள்ளே செல்லக் குடியுரிமையை மாற்றினால், இரட்டைக் குடியுரிமையை ஏற்காத நம் நாட்டில் இஸ்ரோவின் கதவும் அடைபடும். அனுப்பிவைக்கும் ஏஜெண்டுகள் இதைச் சொல்வதில்லை.

இராமேஸ்வரத்து அப்துல் கலாம் அவர்கள் 1963-இல் நாசாவில் பயிற்சி பெற்றுத் திரும்பினார்கள். அவ்வாண்டு நவம்பர் 21 அன்று தும்பாவிலிருந்து முதல் ராக்கெட் புறப்பட்டது. 1980 ஜூலை 18 அன்று இதே ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ரோகிணியை விண்ணில் நிறுத்திய எஸ்.எல்.வி.-3 திட்டத்தின் இயக்குநரும் அவர்களே.

எகிப்தின் ஃபாரூக் அல்-பாஸ் அவர்களின் வரலாறு வேறு. அமெரிக்காவில் நிலவியல் பயின்று தாயகம் திரும்பியவருக்குப் படிப்புக்கேற்ற பணி கிட்டவில்லை. மீண்டும் அமெரிக்கா சென்று, 1967 முதல் அப்போலோ திட்டத்தில் நிலவில் இறங்குமிடங்களைத் தேர்ந்தெடுக்கும் பணியில் ஈடுபட்டார். பிற்காலத்தில் விண்ணிலிருந்து எடுத்த படங்களைக் கொண்டு பாலைவனத்தில் நிலத்தடி நீரைத் தேட வழிகாட்டினார். திரும்பாதவரெல்லாம் தாயகத்தை மறந்தவர் என்று தீர்ப்புக் கூற நமக்கு உரிமையில்லை.

வெளிநாடு போனால்தான் விண்ணைத் தொட முடியும் என்பதுமில்லை. செங்கோட்டைச் சகோதரி நிகர் ஷாஜி 1987-இல் இஸ்ரோவில் சேர்ந்தார். 2023 செப்டம்பர் 2 அன்று சூரியனை ஆராயப் புறப்பட்ட ஆதித்யா எல்-1 திட்டத்தின் இயக்குநர் அவரே. சென்னையின் அக்னிகுல் நிறுவனம் 2024 மே 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவில் தன் சொந்த ஏவுதளத்திலிருந்து ராக்கெட்டை ஏவியது. இவையெல்லாம் நம் வீட்டு வாசலில் நடந்தவை.

சகோதரர்களே! நிய்யத்தை விளக்க நாயகம் (ஸல்) அவர்கள் எடுத்துக்காட்டியது ஹிஜ்ரத்தைத்தான். அந்த ஹிஜ்ரத்துக்கே பைஅத் செய்ய வந்த ஒருவரிடம், பெற்றோர் உயிரோடு இருப்பதை விசாரித்தறிந்து, அவர்களிடமே திருப்பி அனுப்பினார்கள். ஆகவே அந்தத் தகப்பனாரிடம், மகன் போனால் உங்கள் முதுமையில் உடனிருப்பவர் யார் என்று கேட்டேன். நெடுநேரம் பேசாமலிருந்து, செலவுக்காக வீட்டுப் பத்திரத்தை வைத்து வட்டிக்குக் கடன் பேசியிருப்பதாகச் சொன்னார். முதலில் அதை நிறுத்துங்கள் என்றேன். எந்த நாட்டில் எந்த வேலை, அதற்கு என்ன குடியுரிமை வேண்டும் என்பதை மகனே விசாரித்து எழுதிக்கொண்டு, தன் தாயாரிடம் கலந்து பேசிவிட்டு, என்னை வந்து பார்க்கட்டும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன்.