சார்ட்டை இறக்கிவிட்டுக் கிளம்புங்கள்



ஒன்றாம் வகுப்புச் சுவரில் தொங்குகிற சார்ட்டை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். கோபுரம் போட்டிருந்தால் கோயில், சிலுவை இருந்தால் சர்ச், வெங்காயம் மாதிரி குவிமாடம் என்றால் மசூதி. கோடு இழுத்துப் பொருத்தினால் பாடம் முடிந்தது. இதைப் படித்த பிள்ளையைக் கீழக்கரை பழைய ஜும்மா பள்ளிவாசலுக்கு அழைத்துப் போய்ப் பாருங்கள். குவிமாடத்தைத் தேடும். அங்கே நிற்பதோ நம் கோயில் மண்டபத்தில் இருக்கிற மாதிரிக் கல்தூண்கள்!

நாகப்பட்டினத்துக்காரர்களுக்குச் சார்ட்டே வேண்டாம், பிள்ளைகளை நேரிலேயே கூட்டிப்போகலாம். வடக்கே நாகூர் தர்கா, தெற்கே வேளாங்கண்ணி மாதா கோயில், ஊருக்குள் நீலாயதாட்சி அம்மன் கோயில். நாகூர் தர்காவின் ஐந்து மினாராக்களில் உயரமானது 131 அடி. அதைக் கட்டிக்கொடுத்தவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப் சிங். ஸ்ரீவிஜய அரசர் நாகப்பட்டினத்தில் எழுப்பிய பௌத்த விகாரத்துக்கு ஆனைமங்கலத்தை எழுதிவைத்தவன் சிவபக்தனான இராசராச சோழன். அந்த விகாரத்தில் மிஞ்சி நின்ற செங்கல் கோபுரம் 1867இல் இடிக்கப்பட்டது. அதையும் மறைக்காமல் பிள்ளைகளிடம் சொல்லுங்கள்.

கேள்வி கேட்பார்களே என்கிறீர்கள். கேட்கட்டுமே! பள்ளிவாசலுக்குள் நுழைந்த ஐந்து வயதுப் பிள்ளை, "சாமி எங்கே?" என்கிறது. "எல்லாம் ஒரே சாமிதான் கண்ணு" என்று நாம் வாயை அடைத்துவிடுகிறோம். நல்ல மனசுதான், ஆனால் கேட்டதற்கு அது பதில் இல்லையே. இங்கே உருவம் வைத்துக் கும்பிடுவதில்லை, மக்கா இருக்கிற திசையைப் பார்த்துத் தொழுவார்கள், அதைக் காட்டத்தான் சுவரில் அந்த மாடம் என்று சொல்லுங்கள். பிள்ளைக்கு அது போதும். பிறகு ஹவுல் என்கிற தண்ணீர்த் தொட்டிப் பக்கம் கூட்டிப்போங்கள். ஒரு பெரியவர் தொழுகைக்கு முன் கை கால் கழுவுகிற ஒளு செய்வார். கை, வாய், மூக்கு, முகம், முழங்கை வரை, தலையில் ஈரக்கை, கடைசியில் கால். அந்த வரிசையைப் பிள்ளை வீட்டுக் குழாயடியில் அப்படியே செய்து காட்டும்.

தர்கா வேறு, பள்ளிவாசல் வேறு என்பதையும் சொல்லிவிடுங்கள். தர்கா இறைநேசர் அடங்கிய இடம், பள்ளிவாசல் தொழுகிற இடம். பெரியவர்களே குழம்புகிற விஷயம் இது.

சட்டம் இடம்கொடுக்குமா என்பீர்கள். அரசுப் பணத்திலேயே முழுக்க நடக்கிற பள்ளிக்கூடத்தில் மதபோதனை கூடாது என்கிறது அரசியலமைப்பின் 28ஆம் பிரிவு. நியாயம். 'இவர்கள் இப்படித் தொழுகிறார்கள்' என்பது தகவல், 'நீயும் தொழு' என்றால்தான் போதனை. யாருக்கும் திருநீறு இட்டுவிடாதீர்கள், சிலுவை போடச் சொல்லாதீர்கள். பார்த்தால் போதும். பெற்றவர்கள் வேண்டாமென்றால் அந்தப் பிள்ளையை வற்புறுத்தவும் கூடாது.

கிளம்புமுன் அந்தந்த இடத்துக்குப் போன் போட்டுவிடுங்கள். மதியத்தில் கோயில் நடை சாத்தியிருக்கும். வெள்ளிக்கிழமை பகலில் பள்ளிவாசலில் ஜும்மா தொழுகைக் கூட்டம். வேளாங்கண்ணிக்கு ஆகஸ்ட் 29 கொடியேற்றத்திலிருந்து செப்டம்பர் 8 திருவிழா வரை சின்னப் பிள்ளைகளோடு போகவே போகாதீர்கள், கூட்டத்தில் தொலைந்தால் தேடிப் பிடிக்க முடியாது. செருப்புகளைப் போட்டுவைக்கப் பெரிய பை ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். மதத்தைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்காத பெற்றோர்கூட, செருப்பு மாறி வந்தால் பள்ளிக்கூட வாசலுக்கே வந்துவிடுவார்கள்.