தேயிலைத் தொழிற்சாலையில் சூடும் குளிரும்

குளிரைத் தேடி நுவரெலியாவுக்கு வருகின்றவர்கள் பலர். அதே மலையில் இரவெல்லாம் சூட்டைக் காத்து விழித்திருப்போரும் உளர். தேயிலைத் தொழிற்சாலையின் பிட்டர், உலைக்கு விறகிடுபவர், டிரையரின் வாயிலில் நிற்பவர் ஆகியோரே அவர்கள். கொழுந்து பறிக்கும் பெண்களின் படத்தைக் காணாதார் இல்லை. தோட்டத்துப் பெரியவர்கள் 'ஸ்டோர்' என்று சொல்லும் அந்தக் கட்டடத்தினுள்ளே நிகழ்வதை அறிந்தோர் சிலரே.

பச்சைக் கொழுந்தின் எடையில் முக்காற் பங்குக்கும் மேற்பட்டது நீர். பெட்டியில் அடைக்கப்படும் தூளிலோ நூற்றுக்கு மூன்று பங்களவே ஈரம் நிற்கும். ஒரு கிலோ தேயிலைக்கு ஏறக்குறைய நாலரைக் கிலோ கொழுந்து வேண்டும் என்பது இதனாலேயே. அந்த நீரை எவ்வளவு விரைவாக, எத்தனை பாகைச் சூட்டில், எந்த வேளையில் அகற்றுவது என்பதே தொழிற்சாலையின் வேலை முழுவதும் எனலாம்.

1867 ஆம் ஆண்டில் லூல்கந்துரைத் தோட்டத்திலே ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்டபோது இயந்திரம் ஏதும் இருக்கவில்லை. பங்களாவின் விறாந்தையில் மேசைமீது கையால் உருட்டிய கொழுந்தை மண்ணடுப்பின் கரித்தணலில் வாட்டி எடுத்தார்கள். பின்னர் கச்சாரிலே தோட்டம் நடத்திய சாமுவேல் டேவிட்சன் என்பவர் வெப்பக் காற்றால் உலர்த்தும் இயந்திரங்களை அமைத்து, 1881 இல் பெல்பாஸ்ட் நகரில் தொழிற்சாலை தொடங்கினார். சகாராவிலிருந்து வீசும் அனற்காற்றின் பெயராகிய 'சிரோக்கோ'வையே அவற்றுக்குச் சூட்டினார். பாலைவனக் காற்றின் பெயர் பனி பெய்யும் மலைக்கு வந்த கதை இது.

பிட்டரின் கருவிகளுள் மிக எளியது சுவரில் மாட்டிய ஈரக்குமிழ் உலர்குமிழ் ஈரமானி. இரண்டு வெப்பமானிகள் அருகருகே நிற்கும். ஒன்றின் குமிழைச் சுற்றி மெல்லிய மஸ்லின் துணித் திரி. திரியின் நுனி நீர்க் கிண்ணத்தில். துணியிலிருந்து நீர் ஆவியாகும்போது குமிழ் குளிரும். காற்று வறண்டிருந்தால் இரண்டு அளவுகளுக்கும் இடைவெளி பெரிது. காற்று ஈரத்தால் நிறைந்திருந்தால் இரண்டும் ஒன்றே. இரண்டும் ஒன்றாகிவிட்டால் வாட்டும் தொட்டிகளின் விசிறிகள் விடியும்வரை சுழன்றாலும் கொழுந்து வாடாது. அப்போது வெப்பக் காற்றைச் சிறிது கலந்துவிட வேண்டும். தை, மாசியில் வறண்ட காற்று வீசும் நாட்களில் அந்தத் தேவை குறைவு. தென்மேற்குப் பருவ மழையில் வட்டவளையும் கினிகத்தேனையும் நனைந்து கிடக்கும்போதோ, கலக்காமல் முடியாது.

இக்கருவி பொய் சொல்வதும் உண்டு. திரியிலே தூசும் எண்ணெயும் படிந்தால் நீர் ஏறாது. ஈரக்குமிழ் வேண்டிய அளவு குளிராது. காற்று உள்ளபடியைவிட ஈரமாகத் தோன்றும். அதை நம்பிச் சூட்டைக் கூட்டினால் கொழுந்தின் ஓரம் கருகும். ஆகவே நல்ல பிட்டரின் சட்டைப்பையிலே திருப்புளியோடு ஒரு துண்டு மஸ்லின் துணியும் இருக்கும். விலை மதிப்பற்ற அந்தத் துணித்துண்டை மாற்ற மறந்து, பெரிய இயந்திரத்தைக் குறை கூறுவோர் எத்தனை பேர்!

அரைக்கும் அறைக்கும் புளிக்கவைக்கும் அறைக்கும் வேண்டுவது குளிர்ச்சி. புளிப்பு என்று சொன்னாலும் அது மாவு புளிப்பது போன்றதன்று. இலைச்சாறு காற்றோடு கூடிச் செம்பு நிறம் கொள்வதே. சூடு மிகுந்தால் அது கட்டுக்கடங்காது ஓடிவிடும். முன்னாளில் ஈரத் துணிகளைத் தொங்கவிட்டு அறையைக் குளிர்த்தினார்கள். பின்னர் நீரை மென்துளியாகச் சிதறும் சுழல் தட்டுகள் வந்தன. திரியைக் குளிரச் செய்யும் அதே நியதிதான் அறையையும் குளிரச் செய்கிறது.

டிரையரிலே நிலைமை வேறு. உள்ளே புகும் காற்று ஏறத்தாழ 200 பாகை பாரன்ஹீட்; வெளியேறும் காற்றையும் மற்றொரு வெப்பமானி அளக்கும். வெளியேறும் காற்றின் சூடு மிகக் குறைந்தால் தூள் காயாமல் வேகும். மிகக் கூடினால் மேற்புறம் இறுகி உள்ளே ஈரம் சிறைப்படும். விசிறியின் தண்டு தாங்கியிலே பிட்டர் நீண்ட திருப்புளியின் முனையை வைத்து, பிடியைக் காதோடு சேர்த்துக் கேட்பார். உள்ளே குண்டுகள் தேய்ந்திருந்தால் அந்த இரும்பே கரகரவென்று சொல்லிவிடும்.

ஹற்றன் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றிலே ஆனி மாதத்து மழையிரவு. நள்ளிரவு கடந்தபின் டிரையரிலிருந்து விழுந்த தூளை உள்ளங்கையில் ஏந்தி மோந்த பிட்டர், டீமேக்கரிடம் நீட்டினார்.

“ஐயா, இதை மோந்து பாருங்கள். புகை ஏறியிருக்கிறது.”

“மழைக்கு விறகு ஈரம், பாஸ். அந்த வாசமாக இருக்கும்.”

“ஈர விறகின் புகை புகைபோக்கியில் போகவேண்டும், ஐயா. தூளுக்குள் வந்தால் குழாயிலே வெடிப்பு.”

உலையின் புகை குழாய்களுக்குள்ளே ஓடும். தூய காற்று அவற்றின் வெளிப்புறம் உராய்ந்து சூடேறி டிரையருக்குப் போகும். மயிரிழை வெடிப்பு இருந்தாற் போதும், விசிறியின் இழுப்பு புகையையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும். கொழும்பிலே 1883 முதல் நடந்துவரும் ஏலத்திற்கு முன் தேநீரைச் சுவைப்போரின் நாக்கிலே அது தப்பாது. ஆனால் டிரையரை நிறுத்துவது எளிதா? புளிக்கவைத்த தூள் யாருக்காகவும் காத்திராது. அன்று முழுவதும் மழையில் நனைந்து பெண்கள் பறித்த கொழுந்து அது.

டீமேக்கர் சிறிது நேரம் பேசாமல் நின்றார். பிறகு தீயை வெளியே இழுக்கச் சொன்னார். புளித்திருந்த தூள் சிறிய பழைய டிரையருக்குப் போயிற்று. வாடிய கொழுந்தை அரைப்பதை நிறுத்தி, தொட்டிகளில் சூடில்லாக் காற்றை மட்டும் ஓடவிட்டார்கள். புகையேறிய தூள் நல்லதோடு கலவாமல் தனிச்சாக்கில் கட்டப்பட்டது. கணக்கிலே அது நட்டமாகவே எழுதப்படும்.

உலை ஆற விடிந்துவிட்டது. பிட்டர் கம்பித் தூரிகையால் கரியைத் துடைத்து, டோர்ச் விளக்கைக் குழாய்க்குள் செலுத்தச் சொல்லி, இருண்ட காற்றுப் பக்கத்திலே தலையை நுழைத்தார். மூன்றாவது குழாயின் வளைவிலே வெளிச்சம் ஊசிமுனை அளவு தெரிந்தது. சுண்ணக்கட்டியால் அவ்விடத்தை வட்டமிட்டு வெளியே வந்தார்.

ஒட்டுவதற்கு ஆள் வருமுன் தேநீர் வந்தது. அதை ஒரு கையில் வைத்துக்கொண்டே, மறு கையால் ஈரமானியின் பழைய திரியைக் கழற்றத் தொடங்கினார்.