மலை மழையும் கடற்காற்றும்

ஹட்டன், நுவரெலியா மலைச்சரிவுகளில் முதுகிலே கூடை தாங்கிக் கொழுந்து பறிக்கும் பெண்களின் கண்ணுக்குக் கடல் புலப்படுவதில்லை. ஆயினும், அவர்களை நனைக்கும் மழை பெரும்பாலும் கடலிலே பிறந்ததாகும். வைகாசியில் வலுப்பெறும் தென்மேற்குப் பருவக்காற்று, இந்து சமுத்திரத்தின் நீராவியைச் சுமந்து வந்து மலைகளில் மோதி, மேலெழுந்து, குளிர்ந்து மழையைப் பொழிகின்றது. வட்டவளையில் ஆண்டொன்றுக்கு 5,000 மில்லிமீற்றருக்கும் மேல் மழை பெய்கின்றது. ஆதலின், நாளை மலையில் நேர்வதை அறிய விழைவோர் இன்று கடலைக் கவனித்தல் வேண்டும்.

முற்காலத்தில் கடற்காற்றின் செய்தியைக் கப்பல்களே தந்தன. கப்பல் செல்லாத பரப்பின் நிலை தெரியாமலே இருந்தது. விண்ணிலிருந்து ஒளிப்படம் எடுப்பினும், புயல் வேளையில் மேகக் கூட்டம் கடலை மறைத்துவிடும். இரவிலும் மேகத்தினூடும் செல்லவல்ல நுண்ணலைகளே இக்குறையைப் பெரிதும் நீக்கின.

அஃது எங்ஙனம்? செய்மதி நுண்ணலைகளைச் சாய்வாகக் கடல்மீது செலுத்துகின்றது. நீர் கண்ணாடிபோல் அசைவற்றிருப்பின் அவை அப்பால் தெறித்து அகன்றுவிடும். காற்று வீசும்பொழுது சில சென்ரிமீற்றர் நீளமுள்ள சிற்றலைகள் எழுகின்றன. அவை நுண்ணலைகளில் ஒரு பகுதியைச் செய்மதிக்கே திருப்பிவிடுகின்றன. திரும்பும் அளவைக்கொண்டு காற்றின் வேகத்தையும், ஒரே இடத்தைப் பல கோணங்களில் நோக்கி அதன் திசையையும் கணிக்கின்றனர். வேறொரு கருவி, கடல் தானாக வெளியிடும் நுண்ணலைகளை அளந்து நீர்ப்பரப்பின் வெப்பநிலையை அறிவிக்கின்றது. வெப்பமுற்ற கடலே சூறாவளிக்கு ஊட்டமளிப்பது.

1978 இல் அமெரிக்கா ஏவிய சீசாற் செய்மதி ஏறக்குறைய நூறு நாள்களே இயங்கிற்று. எனினும் அது வழியைத் திறந்துவிட்டது. பின்னர் இந்தியா, 2009 இல் ஓசன்சாற்-2, 2016 இல் ஸ்கற்சாற்-1, 2022 இல் ஓசன்சாற்-3 ஆகிய செய்மதிகளில் கடற்காற்றை அளக்கும் கருவிகளை ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து அனுப்பியது.

இவ்வளவைகளுக்கும் எல்லையுண்டு. கனமழை அவற்றைக் குழப்பும். கரையோரத்தில் தெளிவு குன்றும். எந்தச் சரிவு இடியும் என்பதைக் கடலை நோக்கும் கருவி கூறாது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி இலங்கையைத் தாக்கியபொழுது, மலைநாட்டின் மண்சரிவுகள் பல உயிர்களைக் கொண்டன. அங்கே மழைமானியின் கணக்கும், தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையும் துணைநிற்றல் வேண்டும்.

விண்ணிலே பெற்ற அறிவு, லயத்தின் கடைசிக் காம்பராவில் வாழ்பவருக்கு, அவர் பேசும் தமிழில், இருள் சூழுமுன் எட்டுதல் வேண்டும். அப்பொழுதுதான் கடலை அளந்ததன் பயன் மலையில் வாழ்வோரைச் சேரும்.